பரண்மேல் ஒரு மலைநாடு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இப்பாகுபாடு செய்யுளுக்கென வகுக்கப்பட்டதே. எனினும், மனிதன் தான் வாழும் உலகைச் சிறிதாக்கிச் செய்து பார்க்கும் வேறு கலைகளுக்கும் இது வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. மாதிரித் தொடர்வண்டிக் கலையின் வரலாறு அதற்கு நல்லதொரு சான்றாகும்.

தொடர்வண்டியே எட்டாத மலைநாட்டில், லெம்பா பெர்த்தாம் போன்றதொரு பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டத்து வழிவந்த மாணவருக்கு இவ்வரலாறு எதற்கு என்ற வினா எழலாம். விளையாட்டுப் பொருளாகப் பிறந்த ஒன்று எவ்வாறு ஓர் ஊரின் நினைவைக் காக்கும் கருவியாக வளர்ந்தது என்பதை இக்கதை காட்டுகிறது. அந்தத் தேவை பெருநகரங்களைவிடத் தோட்டப்புறங்களுக்கே இன்று மிகுதி.

வண்டி மட்டும் இருந்த காலம்

1859ஆம் ஆண்டு செருமனியின் கோப்பிங்கன் நகரில் தோன்றிய மெர்க்லின் நிறுவனம், 1891ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில் ஒரு புதுமையைக் காட்டியது. அதுவரை பொம்மை வண்டிகள் தனித்தனிப் பொருள்களாகவே விற்கப்பட்டு வந்தன. மெர்க்லினோ முறைப்படுத்தப்பட்ட அகலமுடைய தண்டவாளத்தையும், அதில் ஓடும் வண்டியையும், பின்னர் வாங்கிச் சேர்க்கத்தக்க உறுப்புகளையும் ஒரு தொகுதியாக வழங்கியது. மாதிரி இருப்புப்பாதை என்னும் கருத்து அன்றே உருப்பெற்றது எனலாம். அமெரிக்காவில் யோசுவா லயனல் கோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரத்தால் ஓடும் வண்டியை விற்கத் தொடங்கினார். கடைச் சாளரத்தில் மக்களின் கண்ணைக் கவர்வதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்ட பிராங்கு ஆர்ன்பி, 1920ஆம் ஆண்டு சாவி கொடுத்தால் ஓடும் வண்டிகளை வெளியிட்டார்.

இக்காலத்து வண்டிகள் தகரத்தால் ஆனவை, உருவிற் பெரியவை. அவை தரையிலும் கம்பளத்திலும் ஓடின. நிலையம் உண்டு, கைகாட்டி உண்டு, சுரங்க வழியும் உண்டு. ஆயின் அவற்றைச் சூழ ஊர் இல்லை, ஆறு இல்லை, மலை இல்லை. வண்டி எங்கிருந்து புறப்பட்டு எங்குச் செல்கிறது என்னும் வினாவுக்கு அங்கே விடை கிடையாது. முதற்பொருள் இல்லாத பாட்டைப் போல அது வெறும் ஓட்டமாகவே நின்றது.

நிலம் சேர்ந்த வரலாறு

வண்டிகள் சிறுத்தபோதுதான் நிலத்துக்கு இடம் கிடைத்தது. 1930களின் நடுவில் செருமனியிலும், 1938ஆம் ஆண்டு ஆர்ன்பியின் வாயிலாக இங்கிலாந்திலும், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டிகள் பரவின. ஒரு மேசையின்மேல் நிலையமும் சிற்றூரும் குன்றும் அமையக்கூடும் என்ற நிலை பிறந்தது. அந்த வாய்ப்பை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலேயரான ஜான் ஏகர்ன். 1930களின் இறுதியில் அவர் அமைக்கத் தொடங்கிய 'மேடர் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை' கற்பனைப் பாதையே. ஆயினும் அதன் தெருக்களும் வீடுகளும் துறைமுகமும் வண்டிக்கு நிகரான கவனத்தோடு செய்யப்பட்டிருந்தன.

நிலம் செய்யும் முறை இன்றளவும் பெரிதும் மாறவில்லை. மரச்சட்டத்தின்மேல் கம்பி வலையையோ குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அட்டைக் கீற்றுகளையோ பொருத்தி மலையின் உருவத்தை முதலில் எழுப்புவர். பாரிஸ் சாந்தில் தோய்த்த துணியை அதன்மேல் போர்த்துவர். சாந்து இறுகியபின் மண்ணிறம் பூசி, சாயமிட்ட மரத்தூளைப் பசைமேல் தூவினால் புல்வெளி தோன்றும். காய்ந்த பாசியும் கம்பி முறுக்கும் மரங்களாகும். கண்ணாடித் துண்டு குளமாகும்.

இவற்றுள் எதுவும் தமிழர்க்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு முன்னே பூங்கா அமைக்கும் பழக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தட்டில் மண்ணிட்டுக் கேழ்வரகையோ கடுகையோ முளைக்கவிட்டுப் புல்வெளி காண்பதும், முகம்பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி அன்னங்களை நிறுத்துவதும், களிமண்ணால் மலை எழுப்பி அதன் உச்சியில் கோயிலை வைப்பதும் இல்லந்தோறும் பெண்களும் சிறுவரும் செய்துவந்த கலையே. பின்னாளில் அப்பூங்காவில் சாவி கொடுத்த தொடர்வண்டியும் வண்ண விளக்குச் சரமும் இடம்பெற்றன. மேனாட்டார் மேசைமேற் கண்டதைத் தமிழ் இல்லங்கள் கொலுப்படியின் அடியிற் கண்டன.

அமெரிக்காவின் மாண்டெரே நகரில் ஒளிப்படக் கலைஞரான ஜான் ஆலன் அமைத்த மலைப்பாதை இத்துறையின் மற்றோர் எல்லையைத் தொட்டது. அவருடைய அறையில் மலைகள் தரையில் எழுந்து கூரை வரை உயர்ந்தன. காண்போர் மலையை மேலிருந்து நோக்காமல், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து நோக்கினர். கண்ணாடிகளை மறைவாக வைத்துச் சிறிய இடத்தைப் பெரிய வெளியாகக் காட்டும் உத்தியையும் அவர் கையாண்டார். 1973ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். அடுத்த சில நாள்களிலேயே அம்மலைநாடு தீக்கிரையாயிற்று. எஞ்சியவை பெரும்பாலும் அவர் எடுத்த ஒளிப்படங்களே.

பொழுது சேர்ந்த வரலாறு

நிலத்தோடு பொழுதும் சேர்ந்தாலன்றி முதற்பொருள் நிறைவுறாது. மாதிரி இருப்புப்பாதையில் பொழுது என்பது ஒளியே. தொடக்ககாலத் தகர நிலையங்களுள் சிலவற்றில் மெழுகுவத்தி வைத்து எரிக்க இடம் விட்டிருந்தனர். பின்னர் மின்விளக்கு வந்தது. வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சுவதில் இருந்த இடரை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி நீக்கியது. 12 வோல்ட் நேர்மின்னோட்டம் சிறிய வண்டிகளுக்குப் பொது வழக்காயிற்று. கோதுமை மணியளவே உள்ள சிறு குமிழ் விளக்குகள் வீட்டுச் சாளரங்களிலும் தெருக் கம்பங்களிலும் எரிந்தன. அவை விரைவில் சூடேறின, விரைவில் பழுதாயின.

இந்நிலையை மாற்றியது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டயோடு. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற டயோடு 1962ஆம் ஆண்டு நிக் ஓலோனியாக் என்பவரால் ஆக்கப்பட்டது. ஒளிமிக்க நீல டயோடு 1990களின் தொடக்கத்திலேயே கைகூடியது. அதன் விளைவாகவே வெண்ணிற விளக்கு பிறந்தது. அதற்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். குறைந்த மின்சாரம், குறைந்த வெப்பம், நீண்ட ஆயுள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் அட்டை வீட்டினுள்ளும் அச்சமின்றி விளக்கேற்ற முடிந்தது.

பள்ளி மாணவரும் இதனைக் கணக்கிட்டுச் செய்யலாம். 12 வோல்ட் மின்வழங்கியில் 3 வோல்ட் வேண்டும் வெண்ணிற டயோடு ஒன்றை இணைப்பதாகக் கொள்வோம். எஞ்சும் 9 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்கியாக வேண்டும். 1000 ஓம் மின்தடையை இட்டால் 9 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். ஒரு சிறு வீட்டுக்கு அதுவே மிகுதி. மின்தடையை விடுத்து நேரே இணைத்தால் டயோடு நொடியில் கெடும். ஓமின் விதியை இதனினும் இனிதாக விளக்கும் பாடம் அரிது.

செருமனியின் ஆம்பர்க் நகரில் பிரெடரிக் பிரவுன், கெரித் பிரவுன் என்னும் இரட்டையர் 2001ஆம் ஆண்டு திறந்த 'மினியேச்சர் உண்டர்லாந்து' உலகின் மிகப் பெரிய மாதிரி இருப்புப்பாதையாகப் பெயர்பெற்றது. அங்கே கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பகல் இரவாகிறது. கூடத்து ஒளி மங்கி நீலமாகும்போது பல்லாயிரம் சிறு விளக்குகள் ஒளிர்கின்றன. இந்தியாவிலும் அத்தகைய முயற்சி உண்டு. புனே நகரின் கோத்ரூடு பகுதியில் பாவுசாகேப் சோசி என்பவர் தம் வாழ்நாள் ஈடுபாட்டால் உருவாக்கிய சிற்றிருப்புப் பாதை அருங்காட்சியகம் 1998ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிற்றூர்தி ஓடும் மேம்பாலமும் சர்க்கசுக் கூடாரமும் நீச்சற்குளமும் சூழ்ந்த அந்நகரத்தில், ஒலியும் ஒளியும் கூடிய காட்சியாகவே வண்டிகள் ஓடுகின்றன.

தமிழ் மரபு பொழுதை இன்னும் நுட்பமாகப் பகுத்தது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய சிறுபொழுதை அது வகுத்தது. ஒளியமைப்போர் கருதத்தக்க குறிப்பு இது. வைகறைக்கு நீலம் கலந்த மங்கல் ஒளி; நண்பகலுக்கு உச்சியிலிருந்து விழும் வெள்ளொளி; மாலைக்குப் பக்கத்திலிருந்து சாயும் பொன்னொளி; யாமத்துக்குச் சாளர விளக்குகள் மட்டும். ஒரே மலையை நான்கு பொழுதில் காட்டினால் அது நான்கு மலையாகும்.

பரண்மேல் ஏறிய பாதை

இட நெருக்கடி மிக்க வீடுகளில் இருப்புப்பாதை சுவரின்மேல் ஏறியது. கூரைக்குச் சற்றுக் கீழே, கதவு சாளரங்களின் தலைக்கு மேலே, அறையைச் சுற்றிலும் பலகை அடித்து அதில் வண்டியை ஓட்டினர். பயன்படாப் பொருள்களைப் போட்டுவைக்கும் பரணுக்கு அதனால் புதிய வாழ்வு கிடைத்தது. ஆனால் அவ்வுயரத்தில் நிலமும் ஒளியும் அமைப்பது எளிதன்று. மேசைமேல் பொருந்தும் விதி அங்கே பொருந்தாது.

காரணத்தைக் கணக்கே காட்டும். பலகை தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பார்ப்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில், பலகையின் விளிம்பிலிருந்து 2 மீட்டர் தொலைவில் உள்ளது. பார்வைக் கோடு 2 மீட்டரில் 0.6 மீட்டர் ஏறுகிறது. எனவே விளிம்புக்கு 20 சென்டிமீட்டர் பின்னே உள்ள பொருளின் அடிப்பகுதி 6 சென்டிமீட்டர் மறைந்துவிடும். மெய்யான 4 மீட்டர் உயரப் பெட்டியை 87இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் அதன் உயரம் 4.6 சென்டிமீட்டரே. அப்பெட்டி முழுதும் கண்ணுக்குத் தப்பிவிடும். வீட்டில் வண்டி ஓடும், ஓசை கேட்கும், காட்சி மட்டும் இராது.

இதனால் பரண்பாதைக்குப் பெரிய வண்டிகளே ஏற்றவையாயின. நூரன்பர்க் நகரின் லேமன் நிறுவனம் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட எல்.ஜி.பி. வண்டிகள் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுபவை, மெய்யுருவின் 22.5இல் ஒரு பங்கு அளவினை. தோட்டத்து வெளியில் ஓடுவதற்கெனச் செய்யப்பட்ட அவை கூரையடிப் பலகைக்கும் பொருந்தின. தண்டவாளத்தை விளிம்பை ஒட்டியே இடுதல், வண்டி விழாதபடி விளிம்பில் ஒளிபுகும் தடுப்பை நிறுத்துதல், பாதையைச் சிறு கரைமேல் உயர்த்துதல் என்பன அனுபவம் கற்பித்த முறைகள்.

நிலக்காட்சியும் அவ்வாறே மாறியாக வேண்டும். பரண்மேல் புல்வெளி வீண். அதை எவரும் காணார். கண்ணுக்குத் தெரிவன உயர்ந்து நிற்பவையே. மலைமுகடு, மரத்தின் தலை, கோபுரம், கூரைச் சரிவு, பாலத்தின் தூண் ஆகியவை அங்கே பேசும். சுவரில் தீட்டிய மலைத்தொடர் தொலைவைத் தரும். பலகையின் அடிப்பக்கமும் கண்ணிற் படுவதால் அதனையும் பாறை முகமாக்கலாம். விளக்கைப் பலகையின் முன்விளிம்புக்குள் மறைத்து, சுவரையும் கூரையையும் நோக்கித் திருப்பினால், இடையிலுள்ள வெற்றிடம் வானமாகும். அவ்வானத்தின் முன்னே மலை நிழலுருவாக எழும். விளக்கே நேராகக் கண்ணிற் பட்டால் காட்சி கெடும். ஒளி தெரிய வேண்டும். ஒளி பிறக்கும் இடம் தெரியலாகாது.

இக்குறைகளையெல்லாம் நிறையாக்கும் நிலம் ஒன்று உண்டு. அது மலைநாடு. பள்ளத்தாக்கில் நிற்பவர் மலைமேல் ஊரும் வண்டியை அண்ணாந்தே காண்கின்றனர். பாலத்தின் அடிப்பாகத்தைக் காண்கின்றனர். பெட்டியின் மேற்பாதியைக் காண்கின்றனர். இரவில் சாளர விளக்குகளின் வரிசையை மட்டும் காண்கின்றனர். பரண் தரும் பார்வையும் இதுவே.

மீட்டர் பாதையும் மலைநாடும்

45 மில்லிமீட்டரை 22.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். எல்.ஜி.பி. தண்டவாளம் குறிப்பது மீட்டர் பாதையையே. இவ்வெண் தமிழர்க்கு வெறும் எண்ணன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறும் நீலகிரி மலைப்பாதை மீட்டர் பாதை. 1899ஆம் ஆண்டு குன்னூரையும் 1908ஆம் ஆண்டு உதகையையும் எட்டிய அப்பாதை 46 கிலோமீட்டர் நீளமுடையது. 208 வளைவுகளும் 16 சுரங்க வழிகளும் 250 பாலங்களும் கொண்டது. 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தில் பற்சக்கரத்தின் துணையால் வண்டி ஏறுகிறது. 2005ஆம் ஆண்டு அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தேயிலைச் சரிவுகளினூடே செல்லும் அதனினும் பரணுக்குப் பொருத்தமான பாதை வேறொன்றில்லை.

நாகப்பட்டினம் துறைமுகத்தை எட்டிய தென்னிந்திய இரயில்வேயின் பாதையும் மீட்டர் பாதையே. ஊரைவிட்டுப் புறப்பட்ட தொழிலாளர் அதன் வழியே கரையை அடைந்து, கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். அங்கிருந்து அவர்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்ற மலாயாவின் பாதையும் அதே அகலமுடையது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் திறக்கப்பட்ட முதற் பாதை முதல், மலாயாவின் இருப்புப்பாதைகளில் தமிழரின் உழைப்பு கலந்துள்ளது. சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் இடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் பர்மா மரணப் பாதையும் மீட்டர் பாதையே. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். ஒரே அகலமுடைய இரு தண்டவாளங்கள் ஓர் இனத்தின் பிரிவையும் பிழைப்பையும் சாவையும் சுமந்தன.

கேமரன் மலைக்கு அப்பாதை ஏறவில்லை. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் கண்டெழுதிய அம்மேட்டுநிலத்துக்குத் தாப்பாவிலிருந்து மலைச்சாலையே வந்தது. 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. தாப்பா ரோடு நிலையத்தில் தொடர்வண்டியின் பயணம் முடிந்தது. அதற்குமேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை. ஆகவே இம்மலையில் ஒரு பரண்பாதை அமையுமாயின், அதில் ஓடும் வண்டி இங்கு வந்ததாக இராது. இங்குள்ளோரின் முன்னோரைக் கொண்டுவந்ததாக இருக்கும்.

உரிப்பொருள் எது?

இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகம் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. 1925ஆம் ஆண்டு ஆத்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்கிலாந்து என்னும் இளைஞர், சிற்றூர்களின் பழைய குடில்கள் இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் மறைவதைக் கண்டு வருந்தினார். தடுக்கும் ஆற்றல் அவர்க்கில்லை. செய்துவைக்கும் பொறுமை இருந்தது. ஒவ்வொரு வீட்டையும் அளந்து, ஓடு ஓடாக, கல் கல்லாக அட்டையில் செய்யலானார். 1954ஆம் ஆண்டு அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில், துணைசெய்தோர் பலரின் உழைப்பால், இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்து நாட்டுப்புறம் ஒன்று உருவாகி நிற்கிறது. ஏகர்னின் மேடர் பள்ளத்தாக்கும் இன்று அங்கேதான் உள்ளது. அந்நிலத்தில் வண்டி ஓடுகிறது. காண வருவோர் நெடுநேரம் நோக்கி நிற்பதோ வீடுகளையும் வாழ்வையும்தான்.

தோட்டப்புறத்துக்கு அத்தகைய ஆவணம் இன்னும் போதிய அளவில் இல்லை. தகரக் கூரை வேய்ந்த லயத்து வீடுகளின் வரிசை, வைகறை இருளில் விளக்கொளியில் கூடும் பெரட்டுக் களம், கொழுந்துக் கூடைகள், மாரியம்மன் கோயில், தொழிற்சாலையின் சங்கொலி, ஒற்றைக் கட்டடத் தமிழ்ப்பள்ளி ஆகியவை ஒரு காலத்தின் கருப்பொருள்கள். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபின் இங்குத் தங்கியோரின் மக்களும் பேரரும் அவற்றிடையே வளர்ந்தனர். இன்று கொழுந்து கொய்வதில் பொறியும் வெளிநாட்டுத் தொழிலாளரும் பெரும்பங்கு வகிக்கின்றனர். பழைய குடியினர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர்.

நிலமும் மாறியது. பெர்த்தாம் ஆற்றைத் தேக்கும் சுல்தான் அபூபக்கர் அணையும் அதனைச் சார்ந்த மின்நிலையமும் 1963ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தன. மலையாறு விளக்காயிற்று. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாம் வெள்ளத்தில் சிக்கியது, உயிர்கள் பறிபோயின, வீடுகள் அழிந்தன. கேமரன் மலையின் சாமந்தித் தோட்டங்களில் இன்று இரவிலும் விளக்கெரிகிறது. நீண்ட இருளில் மொட்டரும்பும் இயல்புடைய அச்செடியின் இரவைக் குறைத்து, பூக்கும் காலத்தைத் தள்ளிப்போடுவதற்காக ஏற்றப்படும் விளக்குகள் அவை. மலைச்சரிவில் ஒளிரும் அக்கூடாரங்களைக் காண்போர்க்கு, இந்நிலத்தின் யாமமே மாறிவிட்டது விளங்கும்.

இத்தனையையும் ஒரு பள்ளி அறையின் கூரையடிப் பலகையில் அமைத்தல் இயலாத செயலன்று. அட்டையும் சாந்தும் மரத்தூளும் சில டயோடுகளும் போதும். மாணவர் முதலில் செய்யவேண்டுவது பசை கலக்குவதன்று. முதியோரிடம் சென்று, லயத்தில் எத்தனை வாசல் இருந்தது, குழாய் எப்பக்கம் இருந்தது, பெரட்டுக்கு எத்தனை மணிக்குச் சங்கு ஊதினர், கோயிலின் முகம் எத்திசை நோக்கியது என்று கேட்டறிந்து எழுதுவதே முதற்பணி. அளவு தெரியாமல் மாதிரி அமையாது. கேட்காமல் அளவு தெரியாது. அவ்விடைகளைத் தருவோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பிரிதல் பாலைக்கு உரிப்பொருள். இருத்தல் முல்லைக்கு உரியது. நாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்ட வண்டி பிரிவைச் சுமந்தது. மலைச்சரிவில் எரிந்த லயத்து விளக்கு, போனவர் வருவார் எனக் காத்திருந்தோரின் இருத்தலுக்குச் சான்றாயிற்று. பரண்மேல் அமையும் மலைநாட்டில் வண்டி ஒருமுறை சுற்றிவரும் நேரத்துக்குள் இவ்விரண்டையும் ஒரு சிறுவன் கண்டுகொள்வானாயின், நிலமும் ஒளியும் தம் பணியைச் செய்து முடித்தன எனலாம்.